ஒன்றுக்கு இரண்டு

என் மனைவியின் இறுதிக் கிரியைகள் முடிந்து தகன மண்டபத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அவர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். நடிப்பில்லாத அழுகை. மூக்கைத் துடைக்கக்கூட ஒரு கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பிறகு என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்த உயரமா நிக்கிற பையன் யாரு சார்? உங்க சொந்தமா?"

"இல்லை. பெட்டி தூக்க வந்த கொம்பனி ஆள்."

"தோளைப் பாத்தீங்களா? ஃபுல்பேக் லா அது."

சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி அழத் தொடங்கினார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் சொன்னதில்லை. மேனேஜர் என்றால் நியூசிலாந்தின் ஆக்லாந்துத் தமிழர்களில் ஹாக்கி மட்டை பிடித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். மலேசியாவில் ஈப்போக்காரர். பென்ரோஸில் ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, பிறகு சூப்பர்வைசர் ஆனவர். ஒரு கிளையில் தேங்கிய சரக்கை இல்லாத கிளைக்கு மாற்றிவிடுவதுதான் வேலை. அதை மனிதர்களுக்கும் செய்யலாம் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

யாரோ இல்லை, டொராண்டோவில் இருந்த ஒன்றுவிட்ட தம்பி. அந்த நாட்டு ஹாக்கி பனிக்கட்டியின் மேல் ஆடுவது. சீசன் முடிந்ததும் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும். ஒரு நட்சத்திர ஆட்டக்காரன் விலகப்போகிறான் என்ற வாசனை வந்தால் போதும், அவனைச் சும்மா போகவிடாமல் முன்கூட்டியே இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு இரண்டு பேரை வாங்குவார்கள். இல்லையென்றால் இனிமேல் வரப்போகிற ஓர் இளைஞன் மேல் உரிமையாவது வாங்கிவைப்பார்கள். யாரைக் கொடுத்து யாரை எடுப்பது என்று கோடை முழுக்க வாய் ஓயாமல் பேசும் வானொலி நிகழ்ச்சிகள் அங்கே இருக்கின்றன. தம்பி அவற்றை அனுப்பிவைத்தான். நம்மவர் ஒரு காதில் கருவியைச் செருகிக்கொண்டு ஃபோர்க்லிஃப்ட் மேலேயே கேட்டுக் கரைகண்டார். பனிக்கட்டி ஹாக்கி ஆட்டம் ஒன்றை முழுதாகப் பார்த்ததில்லை.

"ஒரு தடவை போட்டுப் பாத்தேன் சார். பந்தே தெரியலை. கறுப்பா என்னமோ ஓடுது. ஆனா டீல் எல்லாம் நல்லா புரியுது."

எங்களுடைய ஹாக்கி செயற்கைப் புல்லில், குளிர்கால சனிக்கிழமைகளில், அலுவலகம் போகிறவர்கள் ஆடும் சாதாரண லீக். யாழ்ப்பாணத்தார், கோவில்பட்டியார், ஈப்போக்காரர் என்று கலந்த அணி. எங்களுக்குக் கீழே இன்னொரு பிரிவு இருந்தது. அதில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் ஆடினார். அங்கே வேகமானவர் அவர்தான். எல்லோரும் கைக்காசு போட்டு ஆடுகிறவர்கள். பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் வேறு அணிக்குப் போய்விடலாம். யாரும் யாரையும் கொடுக்கவோ எடுக்கவோ வழியே இல்லை. இதை அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"ரூல் இல்லைன்னுதானே சொல்றீங்க? தடைன்னு சொல்லலையே?"

நான் ஆல்பனியில் பல்கலைக்கழக வளாகத்தில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மகன் கௌதம் இந்த அணியில் ஆடியதால் வந்து ஒட்டிக்கொண்டேன். செயலாளர் பதவி எனக்குக் கிடைத்ததற்குக் காரணம், மின்னஞ்சலில் காற்புள்ளி போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது.

செப்டம்பரில் குளிரோடு சீசனும் முடியும். மற்றவர்கள் மட்டையைக் கராஜில் எறிந்துவிட்டுக் கிரிக்கெட், கடற்கரை, இந்தியா என்று கலைவார்கள். அவருக்கு அப்போதுதான் சீசன் தொடங்கும். மற்ற அணிகளின் மேனேஜர்களைத் தொலைபேசியில் கூப்பிடுவார். இங்கத்து வெள்ளைக்காரர்களுக்கு முகத்தில் அடித்தாற்போல இல்லை என்று சொல்ல வராது. "யா, நா" என்பார்கள். ஆமாமும் இல்லையும் ஒரே மூச்சில். பொருள் என்னவோ இல்லைதான். அவர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்.

"யா ன்னு ஆரம்பிச்சான் சார். கொஞ்சம் இழுக்கிறான், அவ்வளவுதான். அடுத்த வாரம் இறங்கி வருவான்."

எங்கள் கோல்கீப்பரின் மனைவிக்கு வளைகாப்பு நடந்தது. அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அந்தப் பெண்ணிடம் நேரே போய், "ஸ்கேன் எடுத்தீங்களா? கால் நீளமா இருக்குன்னு ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார். பிள்ளையை எதிர்கால ஆட்டக்காரனாக அடுத்த அணிக்குத் தருவதாகப் பேசி, பதிலுக்கு ஒரு லெஃப்ட் விங்கரைக் கேட்டிருந்தார் என்று பிறகு தெரியவந்தது. பிள்ளை பெண்ணாகப் பிறந்தது. "பரவாயில்லை லா, மிக்ஸ்ட் லீக் இருக்கு" என்றார்.

எத்தனையோ கோடைகளில் எத்தனையோ திட்டங்கள். ஒன்றுகூட நடந்ததில்லை.

அவரைக் கேலி செய்வது எங்களுக்குப் பொழுதுபோக்கு. என் வேலை அதற்குத் திருத்தமான சொற்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பது. அவர் உள்ளே வந்தால் "எல்லாரும் விலைச்சீட்டை மறைச்சுக்கொள்ளுங்கோ, மேனேஜர் வாறார்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

அவர் செய்த மற்றவற்றை நாங்கள் வேலையாகவே எண்ணவில்லை. சனிக்கிழமை காலையில் ஒவ்வொருவனையும் தொலைபேசியில் எழுப்புவார். எழும்பாதவனின் மனைவியை எழுப்புவார். ஆரஞ்சுப் பழம் நறுக்கிவருவார். மழையில் ஊறிய கோல்கீப்பர் கவசங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் ஹாலில் அறையைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கு முன்னால் உலர்த்துவார். "வாராவாரம் ஒரு பிணத்தைக் கொண்டாந்து சோஃபாவுல படுக்கப் போடுறாரு" என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று, ஆட்டம் முடிந்ததும் வைக்கும் சாப்பாடு. இங்கே உள்ளூர் அணிதான் எதிரணிக்குச் சாப்பாடு வைக்க வேண்டும். மற்ற இடங்களில் சாசேஜும் பாணும். எங்கள் மேசையில் மட்டன் ரோல்ஸ், சுண்டல், அவர் வீட்டிலிருந்து வரும், உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த கறிபாப். எங்களிடம் தோற்பதற்கென்றே சில அணிகள் ஆவலோடு வந்தன. அந்த மேசைக்கு அவர்தான் காவல். எங்கள் பையன்கள் கை நீட்டினால் இடுக்கியால் அடிப்பார். "விருந்தாளிங்க முதல்ல!" ஒரு தடவை, பசி தாங்காமல், நானும் அந்த அடியை வாங்கியிருக்கிறேன்.

இவ்வளவு இருந்தும் அவர்மேல் எனக்கு ஒரு வன்மம் இருந்தது. சின்னக் காரணம்தான், ஆனாலும் சொல்லவேண்டும்.

ஒரு டிசம்பரில் என் வீட்டு பார்பிக்யூவில், இறைச்சியைத் திருப்பிக்கொண்டே, மிகவும் அன்பாகச் சொன்னார்: "சார், கௌதமைக் குடுத்துட்டா ஒரு நல்ல ரிசர்வ் கோலி கிடைப்பான். உங்க மகன்னு பாக்கக் கூடாது. இது பிசினஸ்."

மகன் பக்கத்தில்தான் நின்றான். "ஃபேர் கால், அங்கிள்" என்று ஒத்துக்கொண்டு சிரித்தான். பிறகு என்னைப் பார்த்து, "ஐ ஆம் ஸ்லோ, அப்பா" என்றான். அவனுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் அன்று இறைச்சி இறங்கவில்லை. மாற்றுக் கோல்கீப்பர் ஒருவனுக்குச் சமமாமே! அவன் வேகமில்லாதவன் என்பது எனக்கும் தெரியும். தெரிந்த ஒன்றை இன்னொருவர் விலையாகச் சொல்லும்போது வரும் கோபம் வேறு.

அடுத்த கோடையில் உண்மையான இடி விழுந்தது. கோவில்பட்டி மாரி எங்கள் சென்டர் ஃபார்வர்ட். மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் கோல்களில் பெரும்பாலானவை அவன் மட்டையிலிருந்து வந்தவை. ஜெகன் சென்டர் ஹாஃப், மின்வேலை செய்கிறவன். இருவரும் ஒரே மாதத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். இங்கே அது பருவக் காய்ச்சல் மாதிரி; ஒருவனுக்கு வந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கும் வரும். அவர்கள் போனால் அணி தேறாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆள் குறைந்தால் அந்த வருஷம் லீக்குக்குப் பெயர் கொடுக்க முடியாது. ஒரு வருஷம் கொடுக்காத தமிழ்க் குழு எதுவும் அதற்கடுத்த வருஷம் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

கூட்டம் மேனேஜர் வீட்டுக் கராஜில். பிப்ரவரிப் புழுக்கம். ஒரு மின்விசிறி அவர் முகத்துக்கு மட்டும் சுழன்றது.

"மாரி சும்மா போறான் பாத்தீங்களா," என்று தொடங்கினார். "போன வருஷமே குடுத்திருந்தா ரெண்டு பேரு கிடைச்சிருப்பானுங்க. நான் அப்பவே சொன்னேன் லா."

"என்னைய யாருக்குண்ணே குடுத்திருப்பிய?" என்றான் மாரி. விடைபெற வந்திருந்தான்.

"அத விடு. இப்ப கையில இருக்கிறத வெச்சு என்ன பண்ணலாம்னு பாக்கணும்." என் பக்கம் திரும்பினார். முகத்தில் உண்மையான வருத்தம். "சார், கௌதமுக்கு எல்லா மேனேஜர்கிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன். எல்லாரும் வேணாங்கிறாங்க. சும்மா குடுத்தாலும் வேணாமாம்."

கராஜ் சிரித்தது. மகனும் சிரித்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு முந்திய வாரம் என்னை ஒருவன் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தான். பாபகூரா அணியில் ஆடிய ஃபிஜி இந்தியச் சகோதரர்கள் இருவரில் மூத்தவன். ஒருவன் சென்டர் ஹாஃப், மற்றவன் ஃபார்வர்ட். வடக்கே எங்கள் ஆல்பனிப் பக்கம் வீடு வாங்கி வருகிறார்கள். இனி நகரத்தின் தெற்கு முனையில் உள்ள பாபகூராவுக்குப் போய் ஆட முடியாது. உங்கள் அணியில் இடம் இருக்குமா என்று கேட்டான். தாராளமாக என்றேன். அதாவது அணி பிழைத்துவிட்டது. எனக்கு மட்டும் தெரியும். கூட்டத்தின் முடிவில், எல்லோரும் சோர்ந்து தேநீர் குடிக்கும்போது, எழுந்து நின்று அறிவிக்கலாம் என்று வைத்திருந்தேன். பேராசிரியர்களுக்கு இந்தப் புத்தி போகாது.

மகனைச் சும்மா கொடுத்தாலும் எடுக்க ஆளில்லை என்றதும் அந்த அறிவிப்பு என் தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

"உங்களையே குடுத்துப் பாருங்கோவன். ஆரும் எடுக்கினமோ எண்டு பாப்பம்."

கராஜ் இடிந்துவிடும்போலச் சிரித்தார்கள். மாரி மட்டையைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தான். என் வாழ்க்கையில் நான் சொன்ன எதற்கும் அப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை. வகுப்பறையில் நிச்சயமாக இல்லை.

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. குனிந்து தன்னைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார், ஃபோர்க்லிஃப்ட் இருக்கையில் தேய்ந்த முழங்கால்களைப் பார்த்தார். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் மற்றவர்களைப் பார்ப்பாரே, அதே பார்வை. எடை போட்டு முடித்ததும் நிமிர்ந்தார்.

"கேட்டுப் பாக்கலாம் லா," என்றார்.

அன்று நான் எழுந்து நிற்கவில்லை. சிரிப்பின் மேல் செய்தியைக் கொட்டிக் கெடுக்க மனம் வரவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அவர்தான் என்னை அழைத்தார். எடுத்ததுமே கத்தினார்.

"சார்! டீல் ஓகே ஆயிருச்சு! பாபகூரா!"

அங்கே மேனேஜராக இருந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சையாம். இனி மைதானத்தில் நிற்க முடியாதாம். அவருடைய இடத்துக்கு இவர் போகிறார். பதிலுக்கு அவர்கள் அண்ணன் தம்பி இருவரையும் எங்களுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள்.

"ஒண்ணுக்கு ரெண்டு சார்! அதுவும் ஆடாத ஆளுக்கு ஆடுற ரெண்டு பேரு!"

"அவ யா, நா எண்டு சொல்லேல்லையோ?"

"இல்ல சார். ஸ்வீட் ஆஸ் ன்னு சொன்னாங்க!"

இந்த நாட்டில் அது முழுச் சம்மதம்.

அந்தப் பெண்மணிக்குச் சகோதரர்கள் எப்படியும் போகிறார்கள் என்று கட்டாயம் தெரிந்திருக்கும். ஒருவர் ஆவலோடு வந்து, நான் சம்பளமில்லாமல் உழைக்கிறேன், பதிலுக்கு ஏற்கெனவே போகிற இருவரைக் கொடுங்கள் என்று கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். "அவங்கள் சும்மாவே வாறாங்கள், நீங்கள் போகத் தேவையில்லை." வாய் வரை வந்தது. ஆனால் தொலைபேசியில் அந்தக் குரல் அப்படித் துள்ளியது. எத்தனையோ கோடைகளுக்குப் பிறகு அவர் பேசி முடித்த ஒரே ஒரு வியாபாரம். இரக்கத்தால் மறைத்தேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். போகட்டும் என்றுதான் இருந்தது. என் மகனை எடுக்க ஆளில்லையாம், இவரை எடுக்க ஆள் இருக்கிறதாம். போகட்டும்.

"நல்லது," என்றேன். "வாழ்த்துகள்."

"எல்லாருக்கும் ஒரு ஈமெயில் போட்டுருங்க சார். நீங்க எழுதுனா நல்லா இருக்கும்."

எழுதினேன். காற்புள்ளிகள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன.

சகோதரர்கள் அருமையாக ஆடினார்கள். முதல் சில வாரங்கள் வென்றோம். பிறகு ஒரு சனிக்கிழமை ஃபுல்பேக் வரவில்லை, தூங்கிவிட்டானாம். அடுத்த சனிக்கிழமை இருவர். கோல்கீப்பர் கவசங்கள் பையிலேயே கிடந்து பூஞ்சணம் பிடித்தன. அவற்றை மாட்டிக்கொண்டு நின்றவனுக்கு அருகே எங்கள் ஆட்களே போகவில்லை. தொலைபேசியில் எழுப்பும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் குறுஞ்செய்தி அனுப்பினேன். எழுத்துப் பிழையில்லாத செய்தியைப் பார்த்து யாரும் படுக்கையை விட்டு எழுவதில்லை என்று கற்றுக்கொண்டேன்.

அவர் வடக்கே தன் வீடிருந்த கிளென்ஃபீல்டிலிருந்து துறைமுகப் பாலத்தைத் தாண்டி, வேலை செய்யும் பென்ரோஸையும் தாண்டி, பாபகூரா வரை சனிக்கிழமைகளில் கார் ஓட்டினார். அந்த அணி எல்லா ஆட்டத்துக்கும் முழு ஆட்களோடு வந்தது.

மறு ஆண்டு நாங்கள் பெயர் கொடுக்கவில்லை. சரித்திரம் மாறவில்லை, அத்தோடு முடிந்தது. மகன் பிரிஸ்பேன் போய்விட்டான். மேனேஜரும் பெர்த்தில் மகளோடு போய்க் குடியேறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அங்கே யாரை யாருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாரோ. இவ்வளவையும் இப்போது எழுதுகிறேன். அவர் மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், தமிழ் எழுத்து தெரியாது. அவரால் வாசிக்க முடியாத எழுத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்கிற என் துணிச்சலை வாசகர்களே எடை போட்டுக்கொள்ளலாம்.

நேரில் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தது. எங்கள் கடைசி சீசனில், எங்கள் மைதானத்தில் பாபகூராவோடு ஆட்டம். மழை. எங்கள் பக்கம் ஆள் குறைவு. அவர் எதிர்ப்பக்கக் கோட்டோரம் நின்றார். அவர்களுடைய நீல ஜாக்கெட் வயிற்றில் பூட்டவில்லை. அவருடைய அணி கோல் போட்டபோது கைதட்டினார். ஃபிஜிச் சகோதரர்களில் தம்பிக்காரன் எங்களுக்காக ஒன்று போட்டபோதும் கைதட்டிவிட்டு, திடுக்கிட்டுக் கைகளைப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் தோற்றோம்.

மேசையில் நான் இடுக்கியோடு நின்றேன். கறிபாப் இல்லை, செய்ய யாருக்கும் தெரியாது. கடையில் வாங்கிய சமோசா. அவர் விருந்தாளிகளின் வரிசையில், தன் பையன்கள் எல்லோரையும் முன்னே விட்டு, கடைசியில் வந்தார். காகிதத் தட்டை நீட்டினார்.

"பாத்தீங்களா சார், தம்பிக்காரன் ஆட்டத்தை? என்னா மூவ்மெண்ட்!" கண்ணெல்லாம் மின்னியது. "ஒண்ணுக்கு ரெண்டு! டொராண்டோ தம்பிகிட்ட சொன்னேன், நம்பவே மாட்டேங்கிறான். ஐடியா நீங்க குடுத்ததுன்னு உங்க பேரையும் சொன்னேன் சார். எல்லாரும் சிரிச்சானுங்க. நீங்க ஒருத்தர்தான் சீரியஸா யோசிச்சீங்க."

இப்போது சொல், என்று எனக்குள் ஒன்று சொன்னது. சொன்னால் அவருக்கு மிச்சமிருப்பது என்ன? பூட்டாத ஒரு நீல ஜாக்கெட்.

"திரும்பி வாங்கோ," என்றேன். "எங்களால ஏலாமக் கிடக்கு."

அவர் மேசையைப் பார்த்தார், பூஞ்சணம் பிடித்த கவசங்களைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. உடனே பழைய ஆள் ஆகிவிட்டார்.

"வரலாம். என்ன குடுப்பீங்க?"

"என்ன வேணும்?"

"கௌதம்?"

"அவன் பிரிஸ்பேனுக்கு வேலை எடுத்திட்டான். அடுத்த மாதம் போறான்."

"அடடா. சும்மா போறானா." உண்மையாகவே வருந்தினார். "வேற யாரு இருக்கா?"

சுற்றிப் பார்த்தேன். கொடுக்க யாரும் இல்லை. சகோதரர்கள் அங்கிருந்தே வந்தவர்கள்; மற்றவர்கள் சனிக்கிழமை எழும்பாதவர்கள்.

"அப்ப நான் அங்க வாறன்," என்றேன். "எனக்குப் பதிலா நீங்கள் இங்க வாங்கோ."

பகிடியாகச் சொல்லவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சிரிக்காமல், அவசரப்படாமல், என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கண்ணாடி, கோட்டு, இடுக்கி பிடித்த கை. அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உங்களை யாரு சார் எடுப்பா?" என்றார், மிகவும் மென்மையாக.

நான் ஒரு சமோசாவை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். அவர் இன்னொன்று கேட்டார். வைத்தேன்.